நவஹோ வீரர்களின் சங்கேதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களம் குறித்த பதிலொன்றில், அமெரிக்க மரைன் படையில் (கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் படை) இருந்த நவஹோ பழங்குடி வீரர்கள் தம் தாய்மொழியை இராணுவச் சங்கேதமாகப் பயன்படுத்தினார்கள் என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த வரி போதவில்லை என்பதை வந்து குவிந்த கடிதங்கள் காட்டின. ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நவஹோ வீரர்கள் வயர்லெஸ்ஸில் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள், எதிரிக்கு அது புரியவில்லை. அவ்வளவுதானே? இதைப் போய்ச் சங்கேதம் என்று சொல்வது மிகையில்லையா?

பதில்: மிகையில்லை. இந்த வரலாற்றில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடமே இதுதான் என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

திட்டத்தை முன்மொழிந்தவர் நவஹோ இனத்தவர் அல்லர். பிலிப் ஜான்ஸ்டன் என்ற அவர் லாஸ் ஏஞ்சலஸில் பொறியாளராக இருந்தவர்; கிறித்தவ சமயப் பணியாளரின் மகனாக நவஹோ நிலப்பகுதியில் வளர்ந்ததால், சிறு வயதிலேயே அம்மொழியைப் பேசக் கற்றவர். பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதலையடுத்து, 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மரைன் படை அதிகாரிகளை அணுகினார். பிப்ரவரி 28 அன்று, சான் டியேகோவை ஒட்டிய எலியட் முகாமில், மேஜர் ஜெனரல் கிளேட்டன் வோகல் முன்னிலையில் ஒரு செயல்விளக்கம் நடந்தது. ஜான்ஸ்டன் அழைத்து வந்த நவஹோக்கள் சிலர் இரு அறைகளில் பிரிந்து அமர்ந்து, ஆங்கிலத்தில் தரப்பட்ட இராணுவச் செய்திகளைத் தம் மொழியில் பரிமாறி, மறுமுனையில் மீண்டும் ஆங்கிலத்தில் தந்தார்கள். தம் மொழியில் இல்லாத இராணுவச் சொற்களுக்கு, கிடைத்த சிறிது நேரத்தில் அவர்களே மாற்றுச் சொற்களை யோசித்துக்கொண்டார்கள். 200 பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வோகல் பரிந்துரைத்தார். தலைமையகமோ முன்னோட்டமாக 30 பேருக்கு மட்டும் இசைந்தது. பயிற்சிக்கு வந்து சேர்ந்தவர்கள் 29 பேர்.

ஜான்ஸ்டனின் பங்கு அநேகமாக இங்கேயே முடிந்துவிடுகிறது. பின்னாளில் அவரே படையில் சேர்ந்து பயிற்சிப் பள்ளியை நிர்வகித்தார் என்றாலும், சங்கேதத்தை உருவாக்கியவர் அவர் அல்லர். அதைச் செய்தவர்கள் அந்த 29 இளைஞர்களே. வழக்கமான இராணுவப் பயிற்சியை முடித்த கையோடு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை இது: நவஹோ மொழியிலிருந்து ஒரு சங்கேதத்தைக் கட்டுங்கள், சொற்கள் குறுகியவையாக இருக்கட்டும், எளிதில் மனத்தில் நிற்கட்டும், ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்கட்டும்.

அவர்கள் இரண்டு அடுக்குகளாகக் கட்டினார்கள். முதல் அடுக்கு, அடிக்கடி வரும் இராணுவச் சொற்களுக்கான மாற்றுப்பெயர்கள். டாங்கிக்கு ஆமை, நீர்மூழ்கிக் கப்பலுக்கு இரும்பு மீன், போர்க்கப்பலுக்குத் திமிங்கிலம், நாசகாரிக் கப்பலுக்குச் சுறா. விமானங்கள் எல்லாம் பறவைகளாயின: சிறிய சண்டை விமானம் ரீங்காரச்சிட்டு, குண்டுவீச்சு விமானம் பிணந்தின்னிக் கழுகு, வேவு விமானம் ஆந்தை. விமானம் பறவையென்றால் அது போடும் குண்டு முட்டையாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியே வைத்தார்கள். கையெறி குண்டு உருளைக்கிழங்கு ஆனது. அமெரிக்காவுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘நம் தாய்’. அந்நாடு அம்மக்களை நடத்திய விதத்தைப் பற்றிக் கீழே வரும் பதிலைப் படிக்கும்போது இந்தப் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அடுக்கு, பட்டியலில் இல்லாத ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றை எழுத்துக்கூட்டி அனுப்புவதற்கானது. ஆங்கிலத்தில் எறும்புக்குரிய சொல் ‘ஏ’ எழுத்தில் தொடங்குகிறது. ஆகவே எறும்புக்கான நவஹோச் சொல்லாகிய ‘வோலாச்சீ’ என்பதைச் சொன்னால் ‘ஏ’ என்று பொருள். இவோ ஜிமா தீவிலுள்ள சுரிபாச்சி மலையின் பெயரை இம்முறையில் அனுப்பினால், கேட்பவரின் காதில் செம்மறியாடு, யூட் இனத்தார், முயல், பனிக்கட்டி, கரடி, எறும்பு, பூனை, குதிரை, அரிப்பு என்ற ஒன்பது நவஹோச் சொற்கள் வரிசையாக விழும். கடைசியில் வரும் அரிப்பையும் நடுவில் வரும் பனிக்கட்டியையும் கவனியுங்கள்: இரண்டும் ‘ஐ’ என்ற ஒரே எழுத்தையே குறிக்கின்றன. ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒலித்தால், ஆங்கிலத்தில் எந்த எழுத்து அதிகம் வரும் என்று தெரிந்த எதிரி அதை ஊகித்துவிடுவான். அதைத் தடுக்கவே, மிக அதிகமாக வரும் ஆறு எழுத்துகளுக்குக் கூடுதலாக இரண்டிரண்டு சொற்களும், அடுத்த ஆறு எழுத்துகளுக்குக் கூடுதலாக ஒவ்வொரு சொல்லும் பின்னர் சேர்க்கப்பட்டன. 26 எழுத்துகளுக்கு மொத்தம் 44 சொற்கள்.

தொடக்கத்தில் சுமார் 200 ஆக இருந்த மாற்றுப்பெயர்கள் போர் முடிவதற்குள் 400ஐத் தாண்டின. அத்தனையும் மனப்பாடம். போர்க்களத்துக்குச் சங்கேதப் பட்டியலை எவரும் எடுத்துச் செல்லவில்லை.

கேள்வி: ஜப்பானியர் சங்கேதங்களை உடைப்பதில் வல்லவர்கள் என்று படித்திருக்கிறேன். இதை மட்டும் ஏன் உடைக்க முடியவில்லை? ஒரே ஒரு நவஹோ கைதி கிடைத்திருந்தால் போதுமே!

பதில்: கைதி கிடைத்தார். ஆனாலும் உடைக்க முடியவில்லை.

ஜோ கியூமியா என்ற நவஹோ வீரர், நியூ மெக்சிகோவிலிருந்து சென்ற 200ஆம் கடலோரப் பீரங்கிப் படையில் இருந்தவர். சங்கேதத் திட்டத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. 1942இல் பிலிப்பைன்ஸ் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, போர்க்கைதிகள் பலரைப் பலிகொண்ட பத்தான் மரண நடைப்பயணத்தில் உயிர் தப்பி, ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்டார். முகத்தையும் பெயரையும் கண்டு, அமெரிக்கப் படையில் சேர்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் என்று எண்ணி அவரை முதலில் அடித்தார்கள். பின்னர், ஒட்டுக்கேட்ட வயர்லெஸ் பேச்சு நவஹோ மொழியாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததும், அதைப் பெயர்த்துச் சொல்லும்படி வதைத்தார்கள். கடும் பனியில் ஆடையின்றி நிற்க வைத்தார்கள். தனித்தனிச் சொற்கள் அவருக்குப் புரிந்தன. ஆனால் அவை சேர்ந்து எந்தப் பொருளையும் தரவில்லை. முட்டை, ஆமை, பூனை, குதிரை என்று யாரோ பிதற்றுவதைப் போல ஒலிக்கிறது என்பதற்கு மேல் அவரால் எதையும் சொல்ல இயலவில்லை. ஏனென்றால் சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை. நாகசாகி மீது அணுகுண்டு வீசப்பட்டபோது அந்த நகரத்துச் சிறையில் இருந்த அவர், அதிலும் பிழைத்து ஊர் திரும்பினார்.

முந்தைய பதிலில் இரண்டு அடுக்குகள் என்று சொன்னதன் பயன் இதுதான். மொழி தெரியாதவனுக்கு அது வெறும் ஒலி. மொழி தெரிந்தவனுக்கோ அது வெறும் சொற்குவியல். பட்டியலையும் அறிந்தவனுக்கு மட்டுமே செய்தி.

மொழியின் இயல்பும் பெரிய அரணாக இருந்தது. நவஹோ, வட அமெரிக்காவின் அதபாஸ்கன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் உயிரொலியை உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் வேறொரு பொருள். தொண்டையை ஒரு நொடி அடைத்து வெடிப்பது போல எழுப்பும் மெய்யொலிகள் உண்டு. பழகாத காது அவற்றை ஒழுங்காகப் பிரித்துக் கேட்கவே திணறும். வினைச்சொல்லில் முன்னொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒரு முழு வாக்கியத்தின் செய்தியை ஒரே சொல் தாங்கி நிற்கும். ஒரு பொருளை எடுப்பதற்கான வினை, அப்பொருள் உருண்டையா, நீண்ட கம்பியா, துணி போல மடங்கக்கூடியதா என்பதற்கேற்ப மாறும். அந்நாளில் அம்மொழியில் அச்சான நூல்களும் மிகச் சில. நவஹோக்கள் அல்லாதவர்களில் அதைச் சரளமாகப் பேசியவர்கள், அங்கே வாழ்ந்த சமயப் பணியாளர்கள், வணிகர்கள் எனச் சில பத்துப் பேரே. டோக்கியோவில் உட்கார்ந்திருந்த உளவு அதிகாரி, கேட்ட ஒலியை எந்த எழுத்தில் எழுதிக்கொள்வது என்பதிலேயே தடுமாறியிருப்பார்.

கேள்வி: பல பழங்குடி மொழிகள் இருக்க, நவஹோவைத் தேர்ந்தெடுத்தது ஏன்? இந்த யோசனை அதற்கு முன் யாருக்கும் தோன்றவில்லையா?

பதில்: தோன்றியது மட்டுமல்ல, நடந்தும் இருந்தது. 1918 அக்டோபரில் பிரான்சில், அமெரிக்கத் தரைப்படையின் 36ஆம் டிவிஷனைச் சேர்ந்த சாக்டா இனத்து வீரர்கள் களத் தொலைபேசிகளில் தம் மொழியில் செய்தி பரிமாறினார்கள். ஜெர்மானியர்கள் அதுவரை எளிதாக ஒட்டுக்கேட்டு வந்த அந்தக் கம்பிகள் திடீரென்று அவர்களுக்குப் பயனற்றுப் போயின. இயந்திரத் துப்பாக்கிக்கு ‘வேகமாகச் சுடும் சிறு துப்பாக்கி’ என்ற பொருளில் அவர்கள் ஒரு தொடர் வைத்திருந்தார்கள். செரோக்கி வீரர்களும் அதே போரில் அதே ஆண்டில் இவ்வாறு பணியாற்றினர்.

இந்த வெற்றி ஒரு சிக்கலையும் விட்டுச் சென்றது. இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஜெர்மன் மாணவர்கள் அமெரிக்கப் பழங்குடிகளிடையே சென்று மொழிகளைக் கற்றுவிட்டார்கள் என்ற அச்சம் இராணுவ வட்டாரங்களில் இருந்தது. நவஹோக்களிடம் அப்படி எவரும் வரவில்லை என்பது 1942இல் முன்வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. மற்றொரு காரணம் எளியது, அதுவே வலுவானது என்றும் தோன்றுகிறது: ஆள்பலம். நவஹோ மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 50,000. ஆங்கிலமும் தாய்மொழியும் ஒருங்கே அறிந்த இளைஞர்களை நூற்றுக்கணக்கில் திரட்டக்கூடிய பழங்குடிகள் வேறு அதிகம் இல்லை.

இரண்டாம் உலகப் போரிலும் இப்பணியைச் செய்தவர்கள் நவஹோக்கள் மட்டும் அல்லர். கொமான்ச்சி வீரர்கள் 17 பேர் தனியாகச் சங்கேதம் ஒன்றை அமைத்துப் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் 4ஆம் காலாட்படை டிவிஷனோடு நார்மண்டியின் யூட்டா கரையில் இறங்கினார்கள். நல்லபடியாகத் தரையிறங்கிவிட்டோம், ஆனால் தவறான இடத்தில் இறங்கியிருக்கிறோம் என்பதே அவர்கள் அனுப்பிய முதல் செய்திகளுள் ஒன்று. (அது உண்மையும்கூட. நீரோட்டம் படகுகளை இழுத்துச் சென்றிருந்தது.) ஹிட்லருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பைத்தியக்கார வெள்ளையன்’. ஹோப்பி, மெஸ்குவாக்கி, டிலிங்கிட் ஆகிய இனத்தவரும் இவ்வாறு பணியாற்றினர். நவஹோக்களின் புகழ் மற்றவர்களை மறைத்துவிட்டது. எண்ணிக்கையில் அவர்களே பெரிய அணி என்பதால் அது இயல்பாக நிகழ்ந்ததுதான்.

கேள்வி: இயந்திரங்களே சங்கேதம் எழுதித் தந்த காலத்தில் மனிதர்கள் எதற்கு?

பதில்: வேகத்துக்காக. மூன்று வரி ஆங்கிலச் செய்தியை இயந்திரத்தில் மாற்றி, அனுப்பி, மறுமுனையில் மீட்டெடுக்க அரை மணி நேரம் ஆன இடத்தில், நவஹோ வீரர்கள் 20 விநாடிகளில் முடித்தார்கள் என்பது பயிற்சிக் காலக் கணக்கு. பீரங்கிக் குண்டு தவறான இடத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது அரை மணி நேரம் காத்திருக்க முடியாது. மேலும், கனத்த சங்கேத இயந்திரத்தைக் கடற்கரைக் குழிக்குள் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது; போனால் அது எதிரியிடம் சிக்கும் அபாயமும் உண்டு. இவர்களுக்கு வேண்டியிருந்தது, ஒருவர் கையால் சுழற்றி மின்சாரம் உண்டாக்க மற்றவர் பேசும் வயர்லெஸ் பெட்டி ஒன்றுதான்.

கேள்வி: இவோ ஜிமாவில் அமெரிக்கா வென்றது இவர்களால்தான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்தக் கூற்று 5ஆம் மரைன் டிவிஷனின் சமிக்ஞை அதிகாரி மேஜர் ஹோவர்ட் கானருடையது: நவஹோக்கள் இல்லாதிருந்தால் மரைன்கள் இவோ ஜிமாவை ஒருபோதும் பிடித்திருக்க மாட்டார்கள் என்றார் அவர். 1945 பிப்ரவரி 19 அன்று தரையிறக்கம் தொடங்கியபின், முதல் 48 மணி நேரத்தில் அவரிடம் ஆறு நவஹோ வயர்லெஸ் குழுக்கள் இரவு பகலாக இயங்கின. 800க்கும் மேற்பட்ட செய்திகள் பிழையின்றிச் சென்று வந்தன என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

தம் வீரர்களை நெருக்கத்தில் கண்ட அதிகாரியின் மனமார்ந்த பாராட்டு என்ற அளவில் இதை எடுத்துக்கொள்வதே பொருத்தம். சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவில் அமெரிக்கர்கள் 6,800 பேர் அளவில் உயிரிழந்தார்கள்; ஜப்பானியத் தரப்பில் தீவைக் காத்து நின்ற ஏறத்தாழ 21,000 பேரில் மிகச் சிலரே எஞ்சினர். அத்தகைய போரை எந்த ஒரு பிரிவும் தனியாக வென்றது என்று சொல்ல முடியாது. ஆனால் பிழையின்றி 800 செய்திகள் என்பதன் எடையைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. பீரங்கியின் இலக்கைக் குறிக்கும் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால், குண்டு சொந்தப் படையின் தலையில் விழும். சைப்பான் தீவில் அது நடந்தேவிட்டது என்று நவஹோ வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஜப்பானியர் பின்வாங்கிய இடத்துக்கு முன்னேறிய மரைன்கள் மீது சொந்தப் பீரங்கிகளே சுடத் தொடங்க, நிறுத்துமாறு ஆங்கிலத்தில் கேட்டும் தலைமையகம் நம்பவில்லை. ஆங்கிலம் நன்கறிந்த ஜப்பானியர்கள் இப்படிப் பொய்ச்செய்தி அனுப்பிப் பழகியிருந்தார்கள். உங்களோடு நவஹோ எவரேனும் இருக்கிறாரா என்று கேட்டு, சங்கேதத்தில் செய்தி வந்த பிறகே குண்டுகள் திசை மாறின. செய்தியை மறைத்ததைப் போலவே, அனுப்பியவர் யார் என்பதை உறுதிப்படுத்தியதும் இந்தச் சங்கேதத்தின் பயன்தான். இதைப் பற்றி எழுதுபவர்கள் அந்த இரண்டாவது பயனை ஏனோ அதிகம் பேசுவதில்லை.

கேள்வி: இவோ ஜிமாவில் கொடியேற்றும் புகழ்பெற்ற புகைப்படத்தில் உள்ள செவ்விந்திய வீரர் நவஹோ சங்கேதக்காரர்தானே?

பதில்: இல்லை. அவர் ஐரா ஹேய்ஸ். அரிசோனாவைச் சேர்ந்த பீமா இனத்தவர். சங்கேதப் பணியில் இருந்தவர் அல்லர்.

கேள்வி: எதிரியிடம் சிக்கும் நிலை வந்தால் நவஹோ வீரரைச் சுட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காவலர் நியமிக்கப்பட்டிருந்ததாக 2002இல் வந்த ஹாலிவுட் படம் காட்டியது. அப்படி ஓர் உத்தரவு இருந்ததா?

பதில்: அத்தகைய எழுத்துப்பூர்வ உத்தரவு எதுவும் வெளிவந்ததில்லை, மரைன் படையும் அதை மறுத்திருக்கிறது. சில நவஹோ வீரர்களுக்குக் காவலர் இருந்தது உண்மை. அதற்குக் காரணம் திரைக்கதையைவிடச் சாதாரணமானது, ஒரு வகையில் இன்னும் கசப்பானது. இவர்களைச் சீருடை திருடிய ஜப்பானியர் என்று எண்ணிச் சொந்தப் படையினரே துப்பாக்கி முனையில் பிடித்த நிகழ்ச்சிகள் ஒன்றல்ல, பல. அந்த ஆபத்திலிருந்து காக்கவே துணைக்கு ஆள் அனுப்பினார்கள். படத்துக்கு நாடகம் தேவைப்பட்டது; கிடைத்த காவலரைக் கொலையாளி ஆக்கிவிட்டார்கள்.

கேள்வி: உலக வரலாற்றில் உடைக்கப்படாத ஒரே இராணுவச் சங்கேதம் இதுதான் என்ற செய்தி சரியா?

பதில்: ‘ஒரே’ என்பதை நீக்கிவிட்டால் சரி. அமெரிக்காவின் சிகாபா என்ற சங்கேத இயந்திரமும் அந்தப் போரில் உடைக்கப்படவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிகாபா உயர்மட்டத் தலைமையகங்களின் நெடுநாள் இரகசியங்களைக் காத்தது. நவஹோச் சங்கேதம் களத்தின் குறுகிய ஆயுள் கொண்ட செய்திகளுக்கானது. இன்று மாலை எந்தக் குன்றைத் தாக்கப் போகிறோம் என்பது நாளைக் காலையில் எதிரிக்குத் தெரிந்தால் பெரிய இழப்பு இல்லை. ஆண்டுக்கணக்கில் அமர்ந்து ஆராயும் நிபுணர்களின் முன் அது நின்றிருக்குமா என்ற கேள்விக்கு, அதன் எழுத்துக்கூட்டும் முறையைப் பார்த்தால், நிற்பது கடினம் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சோதனைக்கு அது அமைக்கப்படவில்லை; அமைக்கப்பட்ட பணியை, 1942இல் பசிபிக் தீவான குவாடல்கனாலில் தொடங்கிப் போர் முடியும்வரை, குறையின்றிச் செய்தது.

கேள்வி: பழங்குடிகளை விரட்டி, அவர்கள் மொழியைப் பள்ளிகளில் தடை செய்த நாட்டுக்காக இவர்கள் ஏன் போரிட முன்வந்தார்கள்?

பதில்: வந்த கடிதங்களில் அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான்.

முதலில் அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1864இல் அமெரிக்க இராணுவம் நவஹோக்களின் பயிர்களையும் மந்தைகளையும் அழித்து, அவர்களைப் பணிய வைத்து, ஆயிரக்கணக்கானோரை நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ என்ற முகாமுக்கு நடத்தியே கொண்டு சென்றது. ‘நெடுநடை’ என்று இன்றும் அவர்கள் நினைவுகூரும் அப்பயணத்திலும் முகாமிலும் மாண்டவர்கள் மிகப் பலர். 1868ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகே சொந்த மண்ணின் ஒரு பகுதிக்குத் திரும்ப முடிந்தது. 1930களில் இன்னோர் அடி விழுந்தது: மேய்ச்சல் நிலம் அரிக்கப்படுகிறது என்று காரணம் காட்டி, அரசு அவர்களுடைய ஆடுகளைப் பெருமளவில் குறைத்தது, பல இடங்களில் மந்தைகளை அங்கேயே சுட்டுத் தள்ளியது. ஆடுகளையே செல்வமாகவும் வாழ்க்கை முறையாகவும் கொண்ட மக்களுக்கு அது எத்தகைய அடி என்பதை விளக்க வேண்டியதில்லை. சங்கேதக்காரர்களில் பலர் அந்த மந்தைகள் அழிந்ததைச் சிறுவர்களாக நின்று பார்த்தவர்கள்.

உறைவிடப் பள்ளிகளைப் பற்றி அவர்களே பின்னாளில் பேசியிருக்கிறார்கள். அங்கே நவஹோவில் பேசினால் சோப்பால் வாயைக் கழுவுவார்கள். முதல் 29 பேரில் ஒருவரான செஸ்டர் நெஸ்ஸுக்கு ‘செஸ்டர்’ என்பதே பள்ளி வைத்த பெயர். எந்த மொழியைப் பேசியதற்காகச் சிறுவனாகத் தண்டிக்கப்பட்டாரோ, அந்த மொழிக்காகவே இளைஞனாக அழைக்கப்பட்டார் என்ற முரண் அவருடைய கண்ணிலிருந்து தப்பவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஏன் சென்றார்கள்? ஒரே காரணத்தைச் சொல்வது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. நிலம் என்பது பலருக்கு முதன்மையானது: அரசு எதுவாக இருந்தாலும் மண் தங்களுடையது, அதன்மேல் படையெடுக்கக்கூடிய எதிரியைத் தடுப்பது தங்கள் கடமை என்று அவர்கள் கருதினார்கள். 1940 ஜூனிலேயே நவஹோ பழங்குடி மன்றம் விண்டோ ராக்கில் கூடி, வெளிநாட்டு ஆக்கிரமிப்பை எதிர்த்து நாட்டைக் காப்போம் என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. போர்வீரனுக்கு அச்சமூகத்தில் உள்ள மதிப்பும் ஒரு காரணம். வேலையும் வருமானமும் வெளியுலகைக் காணும் வாய்ப்பும் இளைஞர்களை ஈர்த்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்லிச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். பின்னாளில் ஓவியராகப் பெயர்பெற்ற கார்ல் கோர்மன், வயது வரம்பைத் தாண்டாதவர் போலக் காட்டிக்கொண்டே சேர்ந்தார். இதையெல்லாம் கணக்கில் கொள்ளாமல், ஒடுக்கிய நாட்டையே மன்னித்து நேசித்த தியாகிகள் என்று அவர்களைச் சித்திரிக்கும் கட்டுரைகள் நமக்கு உவப்பானவையாக இல்லை. மன்னித்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை.

கேள்வி: போருக்குப் பின் அவர்களுக்கு உரிய மரியாதை கிடைத்ததா?

பதில்: நெடுங்காலம் கிடைக்கவில்லை. சுமார் 400 பேர் இப்பணியில் இருந்தார்கள். சங்கேதம் மீண்டும் தேவைப்படலாம் என்பதால், விடுவிக்கப்பட்டபோது எவரிடமும் இதைப் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் பேசவில்லை, பெற்றோரிடமும் மனைவியரிடமும்கூடச் சொல்லவில்லை. வயர்லெஸ்ஸில் பேசினோம் என்பதற்கு மேல் சொல்ல முடியாததால், அவர்கள் செய்த பணி வேலை தேடும்போதும் உதவவில்லை.

சீருடையோடு ஊர் திரும்பியவர்களுக்கு வாக்குரிமையும் இல்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் குடிமக்கள் ஆக்கியிருந்தும், அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் 1948இல் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகே அவர்களை வாக்களிக்க விட்டன. யூட்டா மாநிலம் 1957வரை இழுத்தடித்தது. முன்னாள் வீரர்களுக்கான வீட்டுக்கடன் திட்டமும் பெரும்பாலோருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. பழங்குடி நிலம் தனியார் சொத்தல்ல, அரசின் பொறுப்பில் உள்ளது என்பதால் அதை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் தர வங்கிகள் முன்வரவில்லை.

போரின் நினைவுகள் துரத்தியபோது மருத்துவமனையைவிடத் தம் மரபே சிலருக்குத் துணை நின்றது. பகைவரின் ஆவிகளைப் போக்கிப் போரிலிருந்து திரும்பியவனை மீண்டும் சமநிலைக்குக் கொண்டுவரும் ‘பகைவர் வழி’ என்ற சடங்கு அம்மக்களிடம் உண்டு. கனவில் ஜப்பானிய வீரர்கள் வந்து வதைத்ததையும், குடும்பத்தார் அச்சடங்கைச் செய்வித்ததையும் செஸ்டர் நெஸ் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார்.

இரகசியம் 1968இல் விலக்கப்பட்டது. 1982இல் அதிபர் ரீகன் ஆகஸ்டு 14ஆம் நாளை நவஹோ சங்கேதக்காரர்களின் நாளாக அறிவித்தார். முதல் 29 பேருக்குத் தங்கப் பதக்கமும் மற்றவர்களுக்கு வெள்ளிப் பதக்கமும் வழங்கும் சட்டம் 2000இல் நிறைவேறி, 2001 ஜூலை 26 அன்று வாஷிங்டனில் தங்கப் பதக்க விழா நடந்தபோது, அந்த 29 பேரில் உயிரோடிருந்தவர்கள் ஐவரே. நேரில் வர முடிந்தவர்கள் நால்வர். பிற பழங்குடிகளின் சங்கேதக்காரர்களுக்கு இன்னும் தாமதம்: 2008இல் சட்டம், 2013 நவம்பரில் 33 பழங்குடிகளுக்கு விழா. கொமான்ச்சிச் சங்கேதக்காரர்களில் கடைசியாக எஞ்சியிருந்த சார்ல்ஸ் சிபிட்டி அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 2005இல் காலமாகியிருந்தார். முதல் 29 நவஹோக்களில் கடைசியானவரான செஸ்டர் நெஸ் 2014 ஜூன் 4 அன்று, 93ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

கேள்வி: அந்தச் சங்கேதப் பட்டியலை இப்போது பொதுமக்கள் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். 1945 ஜூன் 15 அன்று திருத்தப்பட்ட பட்டியலை அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுப் பிரிவே பொதுவில் வைத்திருக்கிறது. எழுத்துகளுக்கான சொற்கள், படைப்பிரிவுகள், பதவிகள், விமானங்கள், கப்பல்கள், மாதங்கள், பொதுச்சொற்கள் என்று பிரித்து அடுக்கப்பட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு நவஹோ மொழி கற்க முயல வேண்டாம் என்பது மட்டும் எங்கள் ஆலோசனை. சொற்களின் ஒலியை ஆங்கில எழுத்துகளில் தோராயமாகக் குறித்திருக்கிறார்களே தவிர, அம்மொழிக்கு இன்றுள்ள முறையான எழுத்து வழக்கைப் பின்பற்றவில்லை. ஏற்ற இறக்க ஒலிக்குறிகளும் தொண்டையொலிக் குறிகளும் அதில் கிடையா.